கொடையா? கூலியா?

தோழர்களே!

விமானிகளின் ஊதியத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னவுடனே, உங்கள் உள்ளத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். "பஞ்சாலைத் தொழிலாளிக்கு வந்த பஞ்சத்தைப் பேசு, கேட்கிறோம். பஸ் ஓட்டுநரின் பாட்டைப் பேசு, கேட்கிறோம். மேகத்துக்கு மேலே பறப்பவன், மினுமினுக்கும் சட்டை அணிந்தவன், தோளிலே பொன்னிறப் பட்டை போட்டவன், அவனுக்கா சம்பளக் குறை? அதுவும் அமெரிக்க நாட்டிலா? அதை நாங்கள் கேட்டு ஆகப்போவது என்ன?" என்றுதானே எண்ணுகிறீர்கள்?

எண்ணுவதில் தவறில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஒரு தொழிலாளியின் வாழ்வை மூன்று கயிறுகள் கட்டிவைத்திருக்கின்றன. எவ்வளவு கூலி என்பது ஒன்று. அந்தக் கூலியில் எவ்வளவு உரிமை, எவ்வளவு 'அன்பளிப்பு' என்பது இரண்டு. எந்த ஊரில் நின்று வேலை செய்வது என்பது மூன்று. இந்த மூன்று கயிறுகளும் எப்படி ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கின்றன என்பதைக் கண்ணாடியிலே பார்ப்பதுபோலக் காட்டும் தொழில் ஒன்று உண்டென்றால், அது அமெரிக்காவின் வட்டார விமானிகளின் தொழில்தான். ஆகவேதான் உங்களை அங்கே அழைக்கிறேன்.

ஒரே குளிர்காலம், இரண்டு விமானங்கள்

2009-ஆம் ஆண்டு ஜனவரி 15. நியூயார்க் நகரில் ஒரு விமானம் மேலெழும்பியது. பறவைக் கூட்டம் மோதி, இரண்டு எஞ்சின்களும் இயக்கமிழந்தன. தலைமை விமானி சல்லன்பர்கர், விமானத்தை ஹட்சன் ஆற்றின் நீர்மேல் இறக்கினார். விமானத்தில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். உலகம் கைதட்டியது; ஏடுகள் புகழ்ந்தன; அவர் பெயர் வீட்டுக்கு வீடு ஒலித்தது.

நான்கு வாரம் கழிந்தது. பிப்ரவரி 12, இரவு. நூவர்க் நகரிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற இன்னொரு விமானம், தரை தொடுவதற்குச் சில நிமிடங்களே இருக்கையில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். ஐம்பது உயிர்!

முன்னது பெருநிறுவனத்தின் விமானம். பின்னதன் உடலிலும் ஒரு பெருநிறுவனத்தின் பெயர்தான் தீட்டப்பட்டிருந்தது. கான்டினென்டல் என்ற பெயரைப் பார்த்துத்தான் பயணிகள் சீட்டு வாங்கினார்கள். ஆனால் விமானத்தை ஓட்டியவர்களுக்குக் கூலி கொடுத்தது கோல்கன் ஏர் என்னும் வட்டார நிறுவனம். பெயர் ஒருவருடையது, பொறுப்பு இன்னொருவருடையது.

விபத்தின் காரணம் யாது? அரசின் விசாரணை வாரியம் தெளிவாகச் சொல்லியது: விமானம் வேகம் குறைகிறது என்ற எச்சரிக்கை எழுந்தபோது, தலைமை விமானி செய்யவேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார், அதுவே காரணம். அதை நான் மறைக்கவில்லை. குறைந்த கூலிதான் விமானத்தை வீழ்த்தியது என்று கூறினால், அது மேடைக்கு இனிக்கும், மெய்யாகாது. ஆனால் அதே வாரியம் இன்னொன்றையும் சொல்லியது. இரு விமானிகளும் களைத்திருந்தனர், அந்தக் களைப்பு அவர்களுடைய செயலைப் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்பதை மட்டும் அறுதியிட்டுக் கூற இயலவில்லை என்றது.

ஏன் களைத்தார்கள்? அங்கேதான் தோழர்களே, நம்முடைய கதை தொடங்குகிறது.

துணை விமானி ஓர் இளம்பெண். அவருக்கு நிறுவனம் ஒதுக்கிய பணித்தளம் நூவர்க். அவர் வாழ்ந்ததோ பெற்றோருடன், சியாட்டில் நகரின் பக்கத்திலே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2,400 மைல்! வேலைக்கு வருவதற்காக முதல்நாள் மாலை சியாட்டிலில் ஒரு சரக்கு விமானத்தில் ஏறினார். நள்ளிரவு கடந்து மெம்பிஸில் இறங்கினார். அங்கே இன்னொரு சரக்கு விமானத்தில் ஏறினார். காலை ஆறரை மணி அளவில் நூவர்க் வந்து சேர்ந்தார். பிற்பகலில் பணி தொடங்கியது. இரவு பத்தேகாலுக்கு எல்லாம் முடிந்தது. தலைமை விமானியும் வெளியூர்க்காரர். புளோரிடாவிலிருந்து வருபவர். முந்தைய இரவை விமான நிலையத்தின் பணியாளர் அறையிலேயே கழித்தவர்.

"விடுதியில் அறை எடுத்துத் தங்கக்கூடாதா?" என்று கேட்போர் உண்டு. கேட்கலாம். அந்தத் துணை விமானியின் ஆண்டு வருமானம் 16,000 டாலரைச் சற்றே தாண்டியது என்று விசாரணையில் வெளிப்பட்டது. இல்லை, 23,900 டாலர் என்று நிறுவனம் பின்னர் விளக்கம் தந்தது. விளக்கத்தையே ஏற்போம். நியூயார்க் நகரை ஒட்டிய பகுதியில், அந்த வருமானத்தில், வாடகை கொடுத்து வாழ்ந்து, வேலைக்கு வரும் முன்னிரவில் விடுதியிலும் தங்க முடியுமா? உங்களில் கணக்கு அறிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

இவர்கள் இருவர் மட்டுமே விதிவிலக்கானவர்களோ என்றால், அதுவும் இல்லை. நூவர்க்கைத் தளமாகக் கொண்ட அந்நிறுவனத்தின் விமானிகள் 137 பேர். அவர்களில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்கள் என்று விசாரணை வாரியம் கண்டது. 400 மைலுக்கு அப்பாலிருந்து வருபவர்கள் 49 பேர். அவர்களிலும் 29 பேர் 1,000 மைலுக்கு அப்பாலிருந்து வருபவர்கள்! ஒருவர் செய்தால் அது அவருடைய பழக்கம் எனலாம். மூவரில் இருவர் செய்தால் அது ஏற்பாட்டின் குணம்.

பெயர்ப்பலகையும் ஒப்பந்தக் கூலியும்

அந்த ஏற்பாடு எப்படி வந்தது? 1978-ஆம் ஆண்டுவரை அமெரிக்காவில் எந்த விமானம் எந்த வழியில் பறப்பது, என்ன கட்டணம் வாங்குவது என்பதை அரசு வரையறுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. போட்டி பிறந்தது, கட்டணம் குறைந்தது, பயணிகள் பெருகினர். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டியின் சுமை யார் தோளில் ஏறியது என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா?

பெருநிறுவனங்கள் ஒரு வழி கண்டன. சிற்றூர்களிலிருந்து பெருநகரத்துக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் சிறு விமானங்களை, வட்டார நிறுவனங்களிடம் குத்தகைக்கு விட்டன. சீட்டை விற்பது பெருநிறுவனம். கட்டணம் நிர்ணயிப்பது பெருநிறுவனம். விமானத்தின் மீது தீட்டும் பெயரும் அதனுடையதே. வட்டார நிறுவனத்துக்குக் கிடைப்பது, ஒரு புறப்பாட்டுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத் தொகை. விபத்து நடந்த காலத்தில், அந்நாட்டின் உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்டவை.

ஒப்பந்தத் தொகை முன்னரே முடிந்த கணக்கு. எரிபொருள் செலவைப் பெரும்பாலும் பெருநிறுவனமே ஏற்கிறது. அப்படியானால் வட்டார நிறுவனம் இலாபத்தைப் பெருக்க எதைக் குறைப்பது? ஆள் கூலியைத்தான்! ஒப்பந்தம் முடியும்போது, இன்னும் குறைந்த தொகைக்கு ஓட்ட வேறொரு நிறுவனம் காத்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் விமானியும் இந்த நிறுவனத்தின் விமானியும் ஒரே சங்கத்தில் உறுப்பினராகக்கூட இருக்கலாம். ஆயினும் ஒருவன் வயிறு இன்னொருவன் வயிற்றோடு போட்டியிடுமாறு வைக்கப்பட்டிருக்கிறது.

2013-ஆம் ஆண்டில் பிஎஸ்ஏ என்னும் வட்டார நிறுவனத்தின் விமானிகள், புதிய விமானங்கள் தங்களுக்கு வரவேண்டும் என்பதற்காக ஊதியத்தில் விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தனர். அடுத்த ஆண்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த என்வாய் நிறுவனத்தின் விமானிகளிடமும் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டது. சம்மதிக்காவிட்டால் விமானங்கள் வேறிடம் போகும் என்ற எச்சரிக்கையும் வந்தது. பத்தில் ஏழு பேர் "முடியாது" என்று வாக்களித்தனர். இரு நிறுவனங்களுக்கும் உரிமையாளர் ஒருவரே! வலக்கையில் இருப்பதைக் காட்டி இடக்கையில் இருப்பவனை மிரட்டும் வித்தை இது. நம் ஊர்க் களத்துமேட்டில், "அடுத்த ஊர் ஆள் குறைந்த கூலிக்கு வருகிறான்" என்று பண்ணையார் சொன்ன சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உயரம்தான் வேறு!

மணிக்கூலியின் மாயம்

விமானியின் கூலி மணிக்கணக்கில் எண்ணப்படுகிறது. எந்த மணி? வீட்டைவிட்டுக் கிளம்பிய மணியா? விமான நிலையத்தில் நுழைந்த மணியா? அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேருமிடத்தில் போய் நிற்கும்வரை உள்ள நேரமே பெரும்பாலும் கூலிக்குரிய நேரம். வானிலை அறிக்கையைப் படிப்பது, விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பது, பனி நிற்கும்வரை காத்திருப்பது, ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஆகிய யாவும் வேலைதான். ஆனால் கூலிக்குரிய வேலையல்ல! நாளொன்றுக்கு இவ்வளவு மணியாவது கூலிக்குக் கணக்கிடவேண்டும் என்று சங்கங்கள் வாதாடி, பல ஒப்பந்தங்களில் எழுதி வாங்கியிருக்கின்றன. அது கேட்டுப் பெற்றது, தானாக வந்ததன்று.

மாதத்துக்கு 75 மணி நேரக் கூலி உறுதி என்பது பல நிறுவனங்களில் உள்ள வழக்கம். "75 மணிதானே? சுகமான வேலை!" என்பார்கள். அந்த 75 மணிக்காக அவன் வீட்டைப் பிரிந்திருக்கும் நேரம் அதைப்போல் பல மடங்கு. ஆகையினால், மணிக்கு இத்தனை டாலர் என்று விளம்பரத்தில் பார்ப்பதை, நம்முடைய எட்டு மணி நேர நாளோடு பெருக்கிப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது.

2014-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் எடுத்துக்காட்டிய கணக்கு இது: 14 வட்டார நிறுவனங்களில், புதிதாகச் சேரும் துணை விமானியின் சராசரி ஆண்டு ஊதியம் 22,400 டாலர். இந்த வேலைக்குத் தகுதி பெறுவதற்கு அவன் செலவிடும் தொகையோ, ஒரு லட்சம் டாலரை எட்டக்கூடியது. கடன் வாங்கிக் கற்றவன், கடனையும் கட்டவேண்டும், தளத்திலும் தங்கவேண்டும், வீட்டுக்கும் அனுப்பவேண்டும்.

பெருநிறுவனத்து விமானிகள் மட்டும் தப்பினார்களா? ஹட்சன் ஆற்று வீரர் சல்லன்பர்கர், நிகழ்ச்சி நடந்த நாற்பதாம் நாள், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்தார். பாராட்டுக் கேட்டு மகிழத்தான் அழைத்தார்கள். அவரோ, தம்முடைய சம்பளம் 40 விழுக்காடு வெட்டப்பட்டதையும், ஓய்வூதியம் பறிபோய்ச் சொற்பமான ஈட்டுத்தொகையே எஞ்சியதையும் சொன்னார். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரையும் தாம் அறியவில்லை என்றும் சொன்னார். கைதட்டலுக்கு நடுவே உண்மையைச் சொல்லுவதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

ஊர் என்னும் கயிறு

மூன்றாவது கயிற்றுக்கு வருகிறேன். பணித்தளம்.

வட்டார நிறுவனத்தில் சேருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு மூப்பு எண் உண்டு. எந்த ஊர் தளம், எந்த விமானம், எந்த நாள் விடுமுறை, எப்போது தலைமை விமானியாவது, எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்கிறது. முன்னே இருப்பவன் முதலில் தேர்ந்தெடுப்பான். மிஞ்சியது பின்னே இருப்பவனுக்கு. மிஞ்சுவது எது? வாடகை மிகுந்த பெருநகரம். குறைந்த கூலிக்காரனுக்கு மிகுந்த வாடகை ஊர்! இதுதான் அந்த ஏற்பாட்டின் கசப்பான கணக்கு.

புதியவன் பெரும்பாலும் காத்திருப்புப் பணியில் போடப்படுவான். அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள், சில நிறுவனங்களில் இரண்டு மணி நேரத்துக்குள், விமான நிலையத்தில் இருக்கவேண்டும். வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவன் என்ன செய்வான்? தன்னைப் போன்ற பத்துப் பேரோடு சேர்ந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அடுக்குக் கட்டிலில் ஒரு தட்டைப் பெற்று, தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பான். வீட்டுக்கும் தளத்துக்கும் போய்வரும் பயணத்துக்குக் கூலி இல்லை. காலி இருக்கை கிடைத்தால் ஏறலாம். கிடைக்காவிட்டால் அடுத்த விமானம்வரை நிற்கலாம்.

"தளம் இருக்கும் ஊரிலேயே குடியேறிவிடக்கூடாதா?" என்று கேட்கலாம். குடியேறினவனுக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் தொடக்கத்திலேயே, டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற இரு வட்டார நிறுவனங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில், பெருநிறுவனத்தின் ஒப்பந்தத்தை இழந்த எக்ஸ்பிரஸ்ஜெட் பறப்பதை நிறுத்தியது. மீண்டும் எழ முயன்று, 2022-இல் திவாலாகியது. நிறுவனம் போனால் மூப்பு எண்ணும் போயிற்று. இருபது ஆண்டு தலைமை விமானியாக இருந்தவரும், அடுத்த நிறுவனத்தின் வாசலில் கடைசி எண்ணோடு நிற்கவேண்டும். நட்ட மரம் வேர்விடும் முன்னே தோட்டத்தையே விற்றுவிடும் இடத்தில், எவன் வீடு கட்டுவான்?

போனஸ் பிறந்த கதை

இனி, நான் தலைப்பிலே கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பஃபலோவில் மாண்டவர்களின் குடும்பத்தார் அழுது அடங்கிவிடவில்லை. தலைநகர் வாஷிங்டனுக்கு மீண்டும் மீண்டும் படையெடுத்தனர். 2010 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. அதன் பயனாகத் துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இராணுவத்திலும் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்ற விதி 2014 ஜனவரியில் வந்தது. சீட்டு விற்கும்போது, உண்மையில் ஓட்டப்போகிற நிறுவனத்தின் பெயரையும் சொல்லியாகவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஒரு பகுதி. வெளியூரிலிருந்து வந்துபோகும் பயணத்தை மட்டும் விதி தொடவில்லை. அது விமானியின் சொந்தப் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள்!

விதி வந்ததும் என்ன நடந்தது? இருபத்திரண்டாயிரம் டாலருக்கு ஆள் கிடைக்கவில்லை. 2013-இல், 12 வட்டார நிறுவனங்களில் 11 நிறுவனங்கள் வேண்டிய அளவு புதிய விமானிகளைச் சேர்க்க முடியவில்லை என்று தணிக்கை அலுவலகம் கூறியது. "விமானிப் பஞ்சம்!" என்று நிறுவனங்கள் கூக்குரலிட்டன. பஞ்சம் விமானிக்கா, பணத்துக்கா என்று சங்கம் திருப்பிக் கேட்டது.

அப்போது பிறந்தது போனஸ். "எங்களிடம் சேர்ந்தால் இவ்வளவு! இரண்டாண்டு இருந்தால் இன்னும் இவ்வளவு!" என்ற விளம்பரங்கள் பெருகின. பெருந்தொற்றுக் காலத்தில் அரசு விமான நிறுவனங்களுக்குச் சம்பள உதவியாக மூன்று தவணையில் 5,400 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்தது. ஆயினும், பெருநிறுவனங்கள் மூத்த விமானிகள் ஆயிரக்கணக்கானவர்களை முன்னதாகவே ஓய்வு பெறச் செய்தன. பயணிகள் திரும்பி வந்தபோது அந்த இடங்களை நிரப்ப, வட்டார நிறுவனங்களிலிருந்தே ஆட்களை இழுத்தன. போனஸ் விளம்பரங்கள் ஒரு லட்சம் டாலரைத் தொட்டன!

நம் நாட்டுத் தொழிலாளிக்குப் போனஸ் என்ற சொல் புதிதல்ல. ஆனால் நாம் அறிந்த போனஸ் வேறு. அது முதலாளியின் கருணையன்று, கொடுபடாத கூலியின் மிச்சம் என்று தொழிலாளர் வாதாடினர். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு குறைந்த அளவை வரையறுத்தது. முதலில் 4 விழுக்காடு, பின்னர் 8.33 விழுக்காடு, அதாவது ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குறைந்த அளவு தொழிலாளியின் உரிமை என்றாயிற்று.

அமெரிக்க விமானிக்கு நீட்டப்பட்ட போனஸ் அத்தகையதன்று. அது தூண்டிலில் கோத்த இரை. குறித்த காலத்துக்கு முன் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அது மணிக்கூலியில் சேராது. ஆகவே, விடுமுறை நாளின் ஊதியத்தில் சேராது. நோயுற்றுப் படுத்த நாளின் ஊதியத்தில் சேராது. அடுத்த ஆண்டின் உயர்வுக்கு அடித்தளம் ஆகாது. ஆள் தேவைப்படும்போது ஓர் அறிவிப்பில் வரும். தேவை தீர்ந்தால் ஓர் அறிவிப்பில் போகும். ஒப்பந்தத்தில் எழுதிய கூலியை எடுக்கவேண்டுமானால், எதிரே உட்கார்ந்து பேசியாகவேண்டும். போனஸை எடுக்க, விளம்பரப் பலகையை எடுத்தாலே போதும்!

2022 ஜூனில் பெரிய திருப்பம் ஏற்பட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாயும் பீட்மான்ட்டும், புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், புதிய தலைமை விமானிக்கு 146 டாலர் என்று உயர்த்தின. 75 மணி உறுதிக் கணக்கில் பார்த்தால், புதியவனுக்கு ஆண்டுக்கு 81,000 டாலர்! எட்டே ஆண்டில் மூன்றரை மடங்கு! மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஆகஸ்டில் மெசா நிறுவனம் மணிக்கு 100 டாலர் என்றது. "இயலாது, இயலாது, கொடுத்தால் நிறுவனமே கவிழ்ந்துவிடும்" என்று இருபது ஆண்டு சொல்லிவந்தவர்கள், ஒரே கோடையில் கொடுத்தார்கள்!

ஆனால் அந்த 90 டாலரை உற்றுப் பார்க்கவேண்டும். அடிப்படைக் கூலியின் மேல் 50 விழுக்காடு தற்காலிகக் கூடுதல் சேர்ந்ததுதான் அந்த 90. 2024 ஆகஸ்டுவரை என்று அதற்குக் கெடுவும் எழுதப்பட்டிருந்தது. அதாவது, மூன்றில் ஒரு பங்கு கெடு வைத்த காசு! கொடுக்கும் கையின் ஒரு விரல், திரும்ப எடுப்பதற்காக மடங்கியே இருந்தது. பழைய 22,000 டாலர் நிலைக்கு ஊதியம் திரும்பிச் சரிந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் 2024-இல் பெருநிறுவனங்கள் ஆள் சேர்ப்பைக் குறைத்தன. கொடிகட்டிப் பறந்த காலம் தணிந்தது. அப்போது எவன் நிம்மதியாக உறங்கினான்? அடிப்படைக் கூலியாக எழுதி வாங்கியவன். எவன் நெஞ்சில் படபடப்பு? போனஸை நம்பிக் கடன் வாங்கியவன்.

மறுப்புக்கு மறுமொழி

"ஊதியம் உயர்ந்ததால்தானே சிற்றூர்களுக்கு விமானம் நின்றது?" என்று ஒரு வாதம் உண்டு. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் நிறுவனம், அரசு மானியத்தில் சேவை நடத்திய 29 சிற்றூர்களிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. உண்மை. ஆனால் தேதியைப் பாருங்கள்: பெரிய ஊதிய உயர்வுகள் வந்தது ஜூனில், விலகல் அறிவிப்பு வந்தது மார்ச்சில். விமானிகள் போதவில்லை என்பதே அந்நிறுவனம் சொன்ன காரணம். நோய்க்கு மருந்து பின்னால் வந்தது; மருந்துதான் நோயைத் தந்தது என்று சொல்லலாமா? அந்தச் சிற்றூர் மக்களின் தொல்லை மெய்யானது. அதைத் தீர்க்க வழி, 22,000 டாலருக்கு ஒருவனைப் பட்டினி போட்டுப் பறக்கவைப்பதா?

இன்னொரு வாதம்: "1,500 மணி விதியைத் தளர்த்தினால் பஞ்சம் தீரும்." 2022-இல் ரிபப்ளிக் நிறுவனம் தன் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு 750 மணி போதும் என்று விலக்குக் கேட்டது. அரசு மறுத்தது. 2024 மே மாதச் சட்டமும் அந்த விதியைக் கைவிடவில்லை. கூலியை உயர்த்துவதற்குப் பதிலாகத் தகுதியைத் தாழ்த்தலாமா என்று கேட்டபோது, மாண்டவர்களின் குடும்பத்தார் மறுபடியும் குறுக்கே நின்றார்கள்.

"சந்தையே உயர்த்தியதே, சங்கம் எதற்கு?" என்பது மூன்றாவது வாதம். இதற்கு மறுமொழி சின்சினாட்டி நகரில் இருக்கிறது. 2001 மார்ச் 26-ஆம் நாள், காம்ஏர் என்னும் வட்டார நிறுவனத்தின் விமானிகள் ஏறத்தாழ 1,350 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ரயில்வே தொழிலாளருக்கென 1926-இல் இயற்றி, 1936-இல் விமானத் தொழிலுக்கும் நீட்டிய சட்டம் அங்கே உண்டு. பேச்சு, நடுவர், காத்திருப்பு என்று படிப்படியாகக் கடந்த பின்னரே வேலைநிறுத்தம் செய்ய முடியும். அத்தனையும் கடந்து 89 நாள் நின்றார்கள். கூலி உயர்வையும், பணி நேரத்துக்கான கணக்கையும் பெற்றார்கள். விலையும் கொடுத்தார்கள். நிறுவனம் சுருங்கியது, 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. ஒரு தனி நிறுவனத்தின் விமானிகள் மட்டும் உயர்ந்து நின்றால், வேலையை அடுத்த நிறுவனத்துக்குக் கொண்டுபோக முதலாளிக்கு வழி இருந்தது. ஒரு வீட்டு விளக்கை ஊதி அணைக்கலாம். தெருவெல்லாம் விளக்கேற்றினால் ஊதுவதற்கு மூச்சு எங்கே? சங்கத்தின் பயன் குறைவு என்பதா இதன் பாடம்? சங்கத்தின் பரப்பு குறைவு என்பதே பாடம்!

சந்தை தந்ததைச் சந்தை எடுக்கும். தட்டுப்பாடு தந்த உயர்வை, நிலையான உரிமையாக ஒப்பந்தத்தில் பதியவைக்கச் சங்கம் வேண்டும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

ஒன்றை மட்டும் இறுதியாகச் சொல்லி முடிக்கிறேன். தலைமை விமானிகள் கிடைக்காத நாளில், சில வட்டார நிறுவனங்கள் ஒரு புதுமை செய்தன. வேறிடத்தில் பத்தாண்டு பணியாற்றியவன் வந்தால், பத்தாண்டுக்குரிய கூலியையே தருகிறோம் என்றன. நல்லதுதான். ஆனால் மூப்பு எண் மட்டும் கடைசி எண்! கையில் நிறையக் கூலி. காலுக்குக் கீழே கடைசித் தளம். பண்டிகை நாளில் வீட்டில் இல்லை. நள்ளிரவில் அடுக்குக் கட்டில். கூலியை மட்டும் கேட்டவனுக்குக் கூலி மட்டுமே கிடைக்கும் என்பதை இது காட்டவில்லையா?

ஆகவே தோழர்களே, நாளைக்கு நீங்கள் ஒரு தொழிற்சாலை வாயிலில் நின்று பேசும்போது, "எவ்வளவு சம்பளம்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "அதில் எவ்வளவு உன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது? எவ்வளவு அவன் வாய்ச்சொல்லில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "உன்னை வேலைக்கு வைத்தவனும் உன் உழைப்பை விற்பவனும் ஒருவனா, இருவரா?" என்று கேளுங்கள். "எந்த ஊரில் வேலை? எந்த ஊரில் மனைவி மக்கள்? இரவு எங்கே உறங்குகிறாய்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஐம்பது பேர் மாண்ட பின்னர், ஓர் அரசு வாரியம் மாதக் கணக்கில் உட்கார்ந்து ஆராய்ந்த கேள்விகளில் அதுவும் ஒன்று என்பதை மறவாதீர்கள்!

கொடை கொடுப்பவனுடைய மனத்தைப் பொறுத்தது, மனம் மாறும். கூலி உழைத்தவனுடைய வியர்வையைப் பொறுத்தது. வியர்வை பொய் சொல்லாது. கொடையை வாங்கும்போது கை தாழ்கிறது. கூலியை வாங்கும்போது தலை நிமிர்கிறது. வானத்தில் பறப்பவனுக்கும் இதுவே நீதி. மண்ணில் நடப்பவனுக்கும் இதுவே நீதி!